பிரம்பு யார் கையில்?

பிரம்பு என்றதும் நம் சனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நாற்காலி அல்ல, முதுகு. பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் இருந்தது பிரம்பு. மிராசு வீட்டுக் காரியக்காரன் கையில் இருந்தது பிரம்பு. மலேயாத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவனுக்கு அங்கே கங்காணி கையிலும் அதேதான். மலாய்க்காரர்கள் அதை ரோத்தான் என்றார்கள்; இங்கிலீஷ்காரன் அதையே ராட்டன் ஆக்கிக்கொண்டான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரம்படி இன்றைக்கும் நீதிமன்றம் விதிக்கிற தண்டனை. மதுரையில் மண் சுமந்த சிவன் பாண்டியனிடம் பிரம்படி பட்டபோது அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததாகப் புராணம் சொல்கிறது. எல்லார் முதுகிலும் விழுந்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் புராணத்தில். மத்த நாளெல்லாம் எந்த முதுகில் விழுந்தது என்று நமக்குத் தெரியும்.

அடித்த கையைப் பற்றி நாம் நிறைய எழுதியாச்சு. இந்தக் கட்டுரை வேறு இரண்டு கைகளைப் பற்றியது. காட்டுக்குள் போய்ப் பிரம்பை வெட்டி இழுத்து வருகிற கை ஒன்று. ஊரில் உட்கார்ந்து அதை வகுந்து பின்னுகிற கை இன்னொன்று. பிரம்பு அழிகிறது, காப்பாற்றணும், அளவோடு வெட்டணும், சான்றிதழோடு விற்கணும் என்று பல நாடுகளில் திட்டங்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் இந்த மாதிரித் திட்டக் காகிதங்களில் அந்த இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் 'பயனாளிகள்' என்ற பத்தியில். முடிவெடுக்கிற பத்தியில் இல்லை. என் வாதம் இவ்வளவுதான்: வெட்டுகிறவர் பேரிலும் பின்னுகிறவர் பேரிலும் உரிமை எழுதப்படாத வரைக்கும் எந்தத் திட்டமும் பிரம்பைக் காப்பாற்றாது. இதை இரக்கத்தில் சொல்லவில்லை. அந்தச் செடி வளர்கிற விதமே அப்படி.

நோணாங்குப்பத்துக்காரனுக்குப் பிரம்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். எங்க ஊரில் ஆறு உண்டு, உப்பங்கழி உண்டு, கடல் உண்டு, மலை கிடையாது. பிரம்பு வெட்டுகிற காடு கிடையாது. ஆனால் பிரம்புக்குச் சந்தை இருக்கிறது. சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்கு வருகிற கூட்டத்தை நம்பிக் கடலூர் ரோட்டுப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் விடுதிகள். அங்கேயும் ஒயிட் டவுன் ஓட்டல்களிலும் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கௌரவக் குறைச்சல். பிரம்பு ஊஞ்சல், பிரம்பு விளக்குக் கூண்டு, பிரெஞ்சுக்காரன் காலத்து மாதிரியில் முதுகுக்குப் பிரம்புப் பின்னல் வைத்த நாற்காலி. 'இயற்கையானது' என்று அதற்குத் தனி விலை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டெம்போவில் இந்தச் சாமான்கள் போவதைப் பார்க்கிறேன். யார் பின்னினது என்று கேட்டால் டிரைவருக்குத் தெரியாது. எந்தக் காட்டுப் பிரம்பு என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது.

புதுச்சேரியில் 1955-ல் தொடங்கின பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வரைபடம் போட்டது. மதிக்கவேண்டிய வேலை. எந்த வகைக் காடு எங்கே இருக்கிறது என்று நிறம் நிறமாகப் பார்க்கலாம். அந்தக் காட்டுக்குள் யார் நடந்து போய் வெட்டுகிறார்கள், யாருக்காக வெட்டுகிறார்கள் என்பதற்கு அதில் நிறம் கிடையாது. அது வரைபடம் போட்டவர்கள் குற்றமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

செடியும் கத்தியும்

பிரம்பு மரமில்லை. பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. உலகத்தில் சுமார் 600 இனம். இந்தியாவில் 60 இனத்துக்குக் கிட்ட, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் அந்தமான் நிக்கோபாரிலும். உடம்பெல்லாம் முள் உறை. நுனியில் கொக்கி மாதிரி முள் வைத்த நீண்ட சாட்டை. அந்தக் கொக்கியை மாட்டி மாட்டி மரத்தின் மேல் ஏறி வெளிச்சத்தைத் தேடும். இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கு. தேக்குத் தோட்டம் வேண்டுமென்றால் காட்டை மொட்டையடிப்பார்கள். பிரம்பு வேண்டுமென்றால் காட்டை நிற்க விட்டாகணும். ஏறுவதற்கு மரம் இல்லாமல் பிரம்பு இல்லை. ஆகவே பிரம்பினால் சோறு தின்கிறவன் இயல்பாகவே காட்டுக்குக் காவல்காரன். அவனைத்தான் நாம் திருடன் என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் பிரம்பு மலைக்கு மட்டும் சொந்தமில்லை. தென்னிந்தியச் சமவெளியிலும் இலங்கையிலும் நீர்க்கரை ஓரங்களில் வளர்கிற இனம் ஒன்று உண்டு. 'கலாமஸ் ரோட்டாங்' என்று தாவரவியலில் பேர். குறுந்தொகையில் ஔவையார் பாட்டொன்றில் பிரம்பின் பழம் குளத்தில் விழுகிறது, கெண்டைமீன் கவ்வுகிறது. மருத நிலத்துக் காட்சி அது. பெரம்பூர் என்ற பேரே பிரம்பிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு நம் ஊர் ஏரிக்கரையில், குளக்கரையில் பிரம்பைக் காட்டச் சொன்னால் காட்ட முடியுமா? கரையே இல்லை. கரைப் புறம்போக்கு யார் வயலோடு சேர்ந்தது என்று சேரிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

மலையில் மிச்சமிருக்கிற பிரம்புக்கு வருவோம். நம் மலைப் பிரம்பில் பெரும்பாலானவை தூராக வளர்பவை. ஒரு தூரில் முற்றின கொடியும் இருக்கும், இளங்கொடியும் இருக்கும், முளையும் இருக்கும். முற்றினதை மட்டும் வெட்டி இளசை விட்டால் தூர் திரும்பத் திரும்பக் கொடுக்கும். இனத்தைப் பொறுத்து ஒரு கொடி வெட்டுக்கு வர 7 வருஷத்திலிருந்து 15 வருஷம் வரை ஆகலாம். இன்னொன்றும் உண்டு: பிரம்பில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கண்ணில் பட்ட பெரிய கொடியையெல்லாம் வெட்டிவிட்டால் பூக்கவும் காய்க்கவும் ஆள் இல்லை, விதை இல்லை, அடுத்த தலைமுறை இல்லை. தூர் பச்சையாக நிற்கும், பார்த்தால் காடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மலடாகிவிடும். திருச்சூர் பக்கம் பீச்சியில் 1975-ல் தொடங்கின கேரள வன ஆராய்ச்சி நிலையம் பிரம்பைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறது. அளவுக்கு மீறி வெட்டியதும் காடு சுருங்கியதும் சேர்ந்து பல இனங்களை அரிதாக்கிவிட்டன என்பதே அந்தத் துறை ஆய்வாளர்கள் சொல்வது.

எது முற்றினது, எதை விடணும் என்று வெட்டுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் இளசை வெட்டுகிறார்? இங்கேதான் திட்டக்காரர்கள் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் பயிற்சி முகாம் போடுகிறார்கள். முகாமில் சாப்பாடு போடுவார்கள், பேனர் கட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து மறுநாளும் இளசையே வெட்டுவார். ஏனென்றால் கணக்கு வேறு. காட்டுப் பொருளை ஏலத்தில் எடுத்த காண்ட்ராக்டருக்கு உரிமை ஒரு வருஷம், இரண்டு வருஷம். அசாமில் இந்த ஏலத்துக்கு 'மஹால்' என்று பேர். செடிக்கு வயசு 10, காண்ட்ராக்டருக்கு வயசு 2. அவனுக்கு அடுத்த தலைமுறைப் பிரம்பைப் பற்றி என்ன கவலை? வெட்டுகிறவருக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. இன்றைக்கு அவர் விட்டுவைத்த இளங்கொடி நாளைக்கு அவருக்கு இல்லை. இன்னொருத்தன் வெட்டிக்கொண்டு போவான். தனக்குச் சொந்தமில்லாத நாளைக்காக இன்றைய கூலியை விடுவதற்கு அவர் என்ன மகாத்மாவா? இதே கணக்கைப் போட்டுத்தான் நாமும் வாழ்கிறோம். குத்தகை நிலத்தில் எவன் தென்னம்பிள்ளை வைப்பான்?

சட்டம் சொல்கிற பேர்

சட்டத்தைப் பாருங்கள், சிரிப்பு வரும். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதில் 'மரம்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போது பனை வகை, மூங்கில், புதர், பிரம்பு எல்லாவற்றையும் சேர்த்தான். புல்லினமான மூங்கிலும் மரம், கொடியான பிரம்பும் மரம். மரம் என்றால் அதிகாரிக்கு அதிகாரம். வெட்டவும் அவன் அனுமதி, கொண்டுபோகவும் அவன் அனுமதி. 90 வருஷம் கழித்து 2017-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி மூங்கிலை மட்டும் எடுத்தார்கள். பிரம்பு அதே இடத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் இன்றைக்கும் பிரம்பு 'மரம்'.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதில் சிறு வனப் பொருள் பட்டியலில் பிரம்பு பேர் சொல்லியே இருக்கிறது. மரபாகச் சேகரித்துவந்த சிறு வனப் பொருளைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க, அதன்மேல் உடைமை கொள்ள உரிமை உண்டு என்கிறது 3-ஆம் பிரிவு. காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தையும் 5-ஆம் பிரிவு கிராம சபைக்குக் கொடுக்கிறது. 2012-ல் வந்த திருத்த விதிகள், பொருளைக் கொண்டுபோகும் பெர்மிட்டைக் கிராம சபைக் குழுவே கொடுக்கலாம் என்கின்றன. அதாவது ஒரே பிரம்பு ஒரு சட்டத்தில் சர்க்கார் மரம். இன்னொரு சட்டத்தில் ஆதிவாசியின் சொத்து. செக்போஸ்ட்டில் நிற்கிற கார்டு எந்தச் சட்டத்தைப் படித்திருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த நல்ல சட்டத்திலும் நம்மவருக்கு ஒரு முள் இருக்கிறது. பட்டியல் பழங்குடி அல்லாதவர் காட்டை நம்பி வாழ்ந்தவர் என்று நிரூபிக்க, 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததைக் காட்டணும். காட்டோரத்துத் தலித் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 1930-ல் அவர் தாத்தா பேரை எந்தக் கணக்குப்பிள்ளை எழுதிவைத்தான்? தமிழ்நாட்டில் 2008-ல் உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பதே வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் அந்தத் தடை விலகியது. இவ்வளவையும் தாண்டி ஒரு பத்திரம் வந்தால் அது வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் தனிநபர் பேரில் வருகிறது. காட்டுக்குச் சமூக உரிமை கேட்டு வாங்கிய ஊர்கள் குறைவு.

'காகிதம் மட்டும் போதுமா?' என்று பழைய தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1892-ல் பஞ்சமி நிலத்தை நம் பேரில் காகிதத்தில் எழுதித்தான் கொடுத்தார்கள். நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது? அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் சுட்டுச் செத்தார்கள். பேர் எழுதின காகிதம் இருந்தாலும் பறிப்பார்கள். ஆனால் பேரே இல்லாத இடத்தில் பறிகொடுத்தோம் என்று சொல்லக்கூட வழியில்லை. காகிதமும் வேணும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டமும் வேணும்.

தைக்காலிலிருந்து பேங்கு கவுண்டர் வரை

இனி பின்னுகிற கைக்கு வருவோம். எங்க ஊரிலிருந்து கடலூர், சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து சீர்காழி போகிற ரோட்டில் தைக்கால் வரும். ரோட்டோரம் முழுக்கப் பிரம்புக் கடை. சோபா, ஊஞ்சல், தொட்டில், கூடை. வீட்டு வாசலில் ஆம்பளையும் பொம்பளையும் உட்கார்ந்து பின்னுவார்கள். தடிப் பிரம்பை நெருப்புக் காட்டி வளைக்கிறது ஒரு வேலை; மெல்லிசுப் பிரம்பை வகுந்து, சீவி, வழவழப்பாக்கி நார் எடுக்கிறது இன்னொரு வேலை; மூட்டுக்கு மூட்டு இறுக்கிக் கட்டுகிறது மூன்றாவது. விரல் நுனியைப் பார்த்தால் தொழில் தெரியும். அந்தப் பிரம்பு அசாம் மாதிரித் தூர தேசத்துக் காட்டிலிருந்து வருகிறது. பக்கத்து மலையில் பிரம்பு இருந்தும், அதை முறையாக வெட்டி முறையாகக் கொடுக்க வழி இல்லாததால் கொள்ளிடக்கரை நாற்காலிக்கு பிரம்மபுத்திராக் கரையிலிருந்து கால் வருகிறது. லாரி வாடகை, கமிஷன், தரகு எல்லாம் கூலியிலிருந்துதான் கழியும்.

நான் வேலை பார்க்கிற கிளையின் பேர் வேண்டாம். அங்கே பிரம்பு பின்னுகிற ஒரு அம்மா கடன் கேட்டு வந்தார். கச்சாப்பொருள் மொத்தமாக வாங்கிப் போட்டால் வியாபாரியிடம் கடன் வைக்கவேண்டாம் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு. மேலே உள்ளவர்கள் கேட்டது: 'பிரம்பு வாங்கின பில் எங்கே?' வியாபாரி பில் தருவதில்லை. 'கொட்டேஷன் வாங்கிட்டு வாம்மா.' எழுதித் தர மறுத்துவிட்டான். 'சரக்கு காட்டுப் பொருளாச்சே, பெர்மிட்டு இருக்கா?' பெர்மிட்டு வியாபாரி பேரில் இருக்கிறது. அந்த அம்மா மூன்று தடவை நடந்தார். நாலாவது தடவை வரவில்லை. சின்னக் கடனுக்கு ஜாமீன் கேட்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஜாமீனை யாரும் கேட்கவுமில்லை. காகிதத்தைத்தான் கேட்டார்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். காட்டு முனையில் ஒரு காகிதம் இருக்கு, பெர்மிட்டு. கடை முனையில் ஒரு காகிதம் இருக்கு, பில். இரண்டும் நடுவில் இருப்பவன் சட்டைப்பையில். வெட்டுகிறவரிடமும் காகிதம் இல்லை, பின்னுகிறவரிடமும் காகிதம் இல்லை. இப்போது மூன்றாவதாக ஒரு காகிதம் வருகிறது: 'இது காட்டை அழிக்காமல் வெட்டின பிரம்பு' என்ற சான்றிதழ். அதுவும் அதே சட்டைப்பைக்குத்தான் போகும். விலை அவனுக்கு ஏறும். கட்டுக்கூலி அப்படியே இருக்கும்.

கைத்தொழில்காரருக்குச் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விஸ்வகர்மா திட்டம் தொடங்கினார்கள். 18 தொழில், கூடை, பாய், துடைப்பம் செய்கிறவரும் அதில் உண்டு. முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம், 5 சதவீத வட்டி. தொகையைக் கேட்டால் நல்லாத்தான் இருக்கு. ஆனால் 'குடும்பத் தொழில்' என்ற நிபந்தனையோடு வருகிறது. அப்பன் செய்த தொழிலை மகன் செய்தால் பணம். தமிழ்நாடு அரசு இந்த வடிவில் இதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் எழுதியது. 2025-ல் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது. சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடுதான் என்று சொன்னவர்களுக்கு அம்பேத்கர் 1936-லேயே பதில் கொடுத்துவிட்டார். பிரம்பு பின்னத் தெரிந்த கை யாருடையதாகவும் இருக்கட்டும். விரும்புகிறவர் கற்றுக்கொள்ளட்டும், விட்டுப்போக நினைக்கிற பிள்ளை படித்துவிட்டுப் போகட்டும். 'பாரம்பரியக் கைவினைஞர்' என்று மாலை போட்டு உட்கார வைக்கிற பாதுகாப்பு, பழைய முளைக்குச்சியில் புதுக் கயிறு.

இந்தோசீனாப் பாடம்

புதுச்சேரிக்காரர்களுக்குச் சைகோன் என்ற பேர் அந்நியமில்லை. 1881-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு பழைய சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் நிறையப் பேர். அவர்களில் பலர் இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். அதே இந்தோசீனாவில், லாவோஸ், கம்போடியா, வியட்நாம் மூன்று நாடுகளிலும், 2006-லிருந்து ஒரு பிரம்புத் திட்டம் நடந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற உலக இயற்கை நிதியம் நடத்தியது. பர்னிச்சர் கம்பெனி ஐக்கியாவும் ஐரோப்பிய யூனியனும் பணம் கொடுத்தன. கிராமத்தார் தங்கள் காட்டில் பிரம்பை எண்ணினார்கள், எந்த வருஷம் எந்தப் பகுதியில் எவ்வளவு வெட்டலாம் என்று திட்டம் போட்டார்கள், நாற்றங்கால் வைத்தார்கள். 2011-ல் லாவோஸின் பொலிகாம்சாய் மாகாணத்தில் கிராமத்துக் காட்டுப் பிரம்புக்கு எஃப்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. கம்பெனிப் பணம் என்பதற்காக இதை ஒரேயடியாகத் தள்ள நான் தயாராக இல்லை. கிராமத்தார் தாமே எண்ணினார்கள், தாமே அளவு வைத்தார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் சான்றிதழுக்கு வருஷா வருஷம் தணிக்கை, செலவு. வெளியிலிருந்து வரும் பணம் நின்றால் அதை யார் கட்டுவது? சந்தையில் பேரம் பேசுகிற பலம் ஊருக்கு வராமல் சான்றிதழ் மட்டும் வந்தால், அது அடுத்த எஜமானுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கும்.

இந்தோனேசியா வேறு பாடம் சொல்லும். உலகத்துப் பிரம்பில் பெரும்பங்கு அங்கேதான். போர்னியோத் தீவின் களிமந்தான் பகுதியில் தயாக் மக்கள் மலைநெல் விதைக்கும்போதே பிரம்பையும் நட்டு, நெல்லறுத்த பிறகு அந்த இடத்தைக் காடாக விட்டு, மரத்தின் மேல் பிரம்பை ஏறவிட்டு, பல வருஷம் கழித்துத் திரும்பத் திரும்ப வெட்டினார்கள். திட்டம், நிதி என்று எதுவும் வருவதற்கு முன்னாலேயே இருந்த நீடித்த அறுவடை அது. உள்நாட்டுத் தொழிற்சாலைக்குச் சரக்கு வேணும் என்று அரசு கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை 1980-களில் தடை செய்தது, பிறகு தளர்த்தியது, 2012 ஜனவரியிலிருந்து மறுபடி தடை. ஜாவாவில் நாற்காலி செய்கிற முதலாளிக்குச் சரக்கு மலிந்தது. களிமந்தானில் வெட்டுகிறவருக்கு விலை விழுந்தது. விலை விழுந்த பிரம்புத் தோட்டத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்? பல இடத்தில் பாமாயில் தோட்டத்துக்குப் போய்விட்டது. பிரம்போடு, அது ஏறி நின்ற மரமும் போச்சு. தடையெல்லாம் பாதுகாப்பு ஆகிவிடாது.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா. கோண்டு ஆதிவாசிகள் ஊர். 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கினார்கள். மூங்கிலை விற்கப் போனால் வனத்துறை பெர்மிட்டு தர மறுத்தது. சண்டை போட்டார்கள். 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே வந்து பெர்மிட்டுப் புத்தகத்தைக் கிராம சபை கையில் கொடுத்தார். அந்தப் புத்தகம் கைக்கு வந்த பிறகு மூங்கிலை யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்று ஊர் தீர்மானித்தது. மூங்கிலுக்கு நடந்தது பிரம்புக்கு ஏன் நடக்கக்கூடாது? சட்டப்படி அதே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பேர்கள்தான் இரண்டும்.

நாம் கேட்கவேண்டியது

'சேரி எரிகிறபோது செடியைப் பற்றி என்ன பேச்சு' என்று நம் தோழர்கள் சிலர் சொல்வார்கள். சூழலியல் என்றாலே மேட்டுக்குடிக்காரன் பறவை பார்க்கிற சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் காய்ந்த மரம், விழுந்த மரம், புல் முதலானவற்றைக்கூட எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதில் யார் அடுப்பு அணைந்தது? இயற்கையைக் காப்பது என்ற பேரில் நம்மவர்களைத்தான் வெளியே தள்ளினார்கள். அதனாலேயே இந்தப் பேச்சை அவர்களிடம் விட்டுவிடக்கூடாது. பிரம்பு விஷயத்தில் காடும் பிழைக்கணும், வெட்டுகிறவரும் பிழைக்கணும், பின்னுகிறவரும் பிழைக்கணும் என்றால் மூன்றுக்கும் வழி ஒன்றுதான். ஆகவே இவற்றைக் கேட்போம்:

1. மலையடிவாரக் கிராம சபைகள் கேட்கிற சமூக வன உரிமைப் பத்திரத்தில் 'பிரம்பு' என்ற சொல் பேர் சொல்லி எழுதப்படணும். 'சிறு வனப் பொருள்' என்று பொதுவாக எழுதினால் செக்போஸ்ட்டில் அது மரமாகிவிடும்.

2. ஒரு வருஷ, இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் ஒழியணும். பிரம்பின் வயசுக்குக் குறையாத காலத்துக்கு அந்த ஊருக்கே உரிமை. அளவை ஊர் வைக்கட்டும். எண்ணுவதற்கு விஞ்ஞானிகள் உதவட்டும்.

3. கிராம சபை கொடுக்கிற பெர்மிட்டின் நகல் பின்னுகிறவர்களின் சங்கம் வரைக்கும் சரக்கோடு வரணும். அதையே கொள்முதல் ரசீதாகப் பேங்குகள் ஏற்கணும். பேங்கு ஊழியர் சங்கத்தில் இருக்கிற நம்மவர்கள் இதைப் பேசணும். நான் பேசுகிறேன்.

4. ஏரிக்கரையிலும் சொந்த நிலத்திலும் வளர்த்த பிரம்புக்கு மூங்கிலுக்குக் கொடுத்த விடுதலையைக் கொடுக்கணும். காட்டில் திருடினதை இந்த வழியில் கடத்தாமலிருக்க ஊர்ப் பதிவேடு போதும்.

5. கைத்தொழில் கடனுக்குப் பிறப்பு நிபந்தனை எங்கேயும் கூடாது.

6. புதுச்சேரியில் சர்க்கார் விடுதிகளும் சுற்றுலாத் துறையும் பிரம்புச் சாமான் வாங்கும்போது பின்னுகிறவர் சங்கத்திடம் நேரடியாக வாங்கணும்; எந்தக் காடு, எந்த ஊர் என்று எழுதி வாங்கணும்.

7. பிரம்புப் பாதுகாப்பு என்று எந்தத் திட்டம் வந்தாலும் அதன் குழுவில் பாதிப் பேர் வெட்டுகிறவர்களும் பின்னுகிறவர்களும், அதில் பாதி பெண்கள். கூட்டக் குறிப்பு தமிழில்.

இதில் ஆதிவாசியும் தலித்தும் ஒரே கூட்டத்தில் உட்காரவேண்டியிருக்கிறது. மலையில் வெட்டுகிறவருக்கு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. சமவெளியில் பின்னுகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இவர் வாங்காவிட்டால் அவருக்கு விலை இல்லை, அவர் வெட்டாவிட்டால் இவருக்கு வேலை இல்லை. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. நடுவில் இருப்பவன்தான் இருவரையும் பார்த்திருக்கிறான். இயக்கம் செய்யக்கூடிய முதல் வேலை இந்த இருவரையும் நேரில் உட்கார வைப்பதுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. விடுமுறையில் மலைக்குச் சுற்றுலா போகிறீர்கள். பொதிகை மலைக் காணிக்காரர் ஊருக்கோ, வேறு எந்த மலையூருக்கோ போனால் அவர்கள் வாங்கிவைத்திருக்கிற உரிமைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பிரம்பு என்ற சொல் இருக்கா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபைக்கு மனு எழுத உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.